ஓடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்

கடிதம்

ஐயா, சேலம் மாவட்டம் அயோத்தியாப்பட்டணம் ஒன்றியத்தில், சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊராட்சி. ஊர்ப் பெயரும் என் பெயரும் போட வேண்டாம். நான் முதல் முறையாக ஜெயித்த வார்டு உறுப்பினர். மொத்தம் ஒன்பது வார்டு. ஊருக்கு மேற்கே 11 ஏக்கர் புன்செய் இருக்கிறது. பாதி மாந்தோப்பு, பாதி மானாவாரிக் காடு. அதை வாங்கியவர்கள் 200 வீட்டுமனை போட மனு கொடுத்திருக்கிறார்கள். வரும் கூட்டத்தில் ‘ஊராட்சிக்கு ஆட்சேபனை இல்லை’ என்று தீர்மானம் போட்டுக் கொடுத்துவிடலாம் என்கிறார் தலைவர். நான்கு பேர் சரி என்கிறார்கள்: வரி வரும், ரோடு வரும், கோயில் திருப்பணிக்கு ஐந்து லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு பேர் கூடாது என்கிறார்கள்: குடிதண்ணீர் போதாது, மலையிலிருந்து வரும் ஓடை அந்தக் காட்டு வழியாகத்தான் போகிறது, யார் யாரோ குடிவருவார்கள். நடுவில் நான். என் தம்பி கல்யாணமாகி ஏழு வருடமாகச் சேலம் அம்மாபேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறான். சொந்த ஊரில் மனை கிடைத்தால் வந்துவிடுவான். அந்த 11 ஏக்கரில் இரண்டு ஏக்கரை விற்றது என் ஓரகத்தி குடும்பம். எந்தப் பக்கம் கை தூக்கினாலும் பேச்சு வரும். கூட்டத்துக்கே போகாமல் இருந்துவிட்டால் என்ன?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டத்துக்குப் போங்கள். போகாமல் இருந்தாலும் பேச்சு வரத்தான் செய்யும். ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளை அந்த அறையில் வேறு யாரும் கேட்கப் போவதில்லை. சரி என்றவர்களும் கூடாது என்றவர்களும் முடிவு செய்துவிட்டு வருகிறார்கள். இன்னும் முடிவு செய்யாதவர் நீங்கள் ஒருவர்தான். அதைப் பலவீனமாக நினைக்காதீர்கள்.

நான் முப்பது வருடமாக மனைப்பிரிவு வரைபடம் போடுகிறவன். மனை போடுகிறவர்களுக்காகத்தான் அதிகம் வேலை செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எந்த இடத்தில் ஊராட்சி சும்மா இருந்துவிட்டால் வேலை சுலபம் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

முதலில், உங்கள் மன்றத்தின் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெளிவாக்கிக்கொள்வோம். மனைப்பிரிவின் வரைபடத்தைச் சரிபார்த்துத் தொழில்நுட்ப அனுமதி தருவது நகர் ஊரமைப்பு அலுவலகம். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும்தான் அவர்களுக்கு அளவுகோல். நிலம் யாருடையது, வகைப்பாடு என்ன என்று வட்டாட்சியர் சொல்வார். வெள்ளம் சூழும் இடமா என்று நீர்வளத் துறை பார்க்கும். நன்செய்யாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். பக்கத்தில் கல்குவாரி ஓடினால் 300 மீட்டர் இடைவெளி என்ற கணக்கும் வரும். இவ்வளவும் முடிந்து, சாலையும் பூங்கா இடமும் ஊராட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதிப் பதிவான பிறகுதான் ஊராட்சியின் இறுதி ஒப்புதல் வரும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ‘எங்கள் ஊரில் மனையே வேண்டாம்’ என்று வெறுமனே ஒரு வரி தீர்மானம் போட்டால் அது நிற்காது. சட்டப்படி எல்லாம் சரியாக வைத்திருப்பவர் நீதிமன்றம் போவார். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் தீர்மானத்தை ரத்து செய்யும் அதிகாரமும் ஆட்சியருக்கு உண்டு. அதேபோல ‘ஆட்சேபனை இல்லை’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால், மேலே உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு வரியைக் காட்டியே அடுத்த மேஜைக்குக் கோப்பை நகர்த்துவார்கள். ஊரே சரி என்றுவிட்டது, நமக்கென்ன என்று. எனவே, கை தூக்கும் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்கு முன் ஓடையைப் பார்ப்போம்.

உங்கள் கடிதத்தில் பத்தோடு பதினொன்றாக ஓடையைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில், மலையடிவாரத்தில் ஒரு மனைப்பிரிவுக்கு நான் வரைபடம் போட்டேன். பங்குனி மாதம் அளக்கப் போனோம். நிலம் உழுது சமமாகக் கிடந்தது. புல வரைபடத்தில் அந்தக் காட்டுக்குள் மெல்லிசாக ஒரு நெளிந்த கோடு இருந்தது. நிலத்தில் அதற்கு அடையாளமே இல்லை. வரப்போரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, சங்கிலி பிடித்து அளப்பதைப் பார்த்துவிட்டு, “இது தண்ணி போற தடமுங்க சாமி, ஐப்பசியில வந்து பாருங்க” என்றார். வரிசையாக நாலு பனைமரத்தையும் காட்டினார். பனைகள் நிற்கும் வரிசை அந்தக் கோட்டோடு அப்படியே பொருந்தியது. எனக்குப் புரிந்தது. ஆனாலும் பத்திரத்தில் ஓடை இல்லை, பட்டா சுத்தமாக இருந்தது, வேலை கொடுத்தவர் அவசரப்பட்டார். கோட்டின் மேலேயே மனை எண் போட்டேன். இரண்டு வருடம் கழித்து ஒரு ஐப்பசி இரவில் மலையில் பெய்த மழை பழைய வழியிலேயே வந்தது. போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டுச் சமையல்கட்டில் முழங்கால் அளவுக்குச் செம்மண் சேறு, அதில் அரிசி மூட்டை பாதி புதைந்திருந்தது. அந்த வீட்டுக்காரர் கடன் வாங்கி மனை வாங்கியவர். மனை எண்ணை எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதற்கப்புறம் ஓடைக் கோட்டின் மேல் நான் எண் போட்டதில்லை.

ஏற்காட்டு மலையில் பெய்கிற மழை எங்கும் காணாமல் போவதில்லை. ஒரு பக்கம் சரபங்கா, ஒரு பக்கம் திருமணிமுத்தாறு என்று இறங்கிக் காவிரிக்குப் போகிறது. வடக்குச் சரிவில் வாணியாறாகித் தென்பெண்ணைக்குப் போகிறது. இந்த ஆறுகளுக்கெல்லாம் தண்ணீர் கொண்டுவருவது உங்கள் ஊரில் இருப்பதுபோன்ற, வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் மட்டும் ஓடும் சின்ன ஓடைகள்தான். மீதி நாளெல்லாம் காய்ந்து கிடப்பதால்தான் அவை முதலில் காணாமல் போகின்றன. ஏரியை மூடினால் ஊரே பார்க்கும். ஓடையை இரண்டு நாள் டிராக்டர் ஓட்டி உழுதாலே போதும்.

எனவே கூட்டத்துக்கு முன் இதைச் செய்யுங்கள். அந்த 11 ஏக்கரின் சர்வே எண்களை மனுவிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் என்ற முறையில் மனுவையும் வரைபடத்தையும் பார்க்கக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால், அதுவே கூட்டத்தில் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி. ஒவ்வொரு எண்ணுக்கும் புல வரைபடமும், நிலத்தின் வகைப்பாட்டையும் உரிமையாளரையும் எழுதிவைக்கும் அ-பதிவேட்டின் நகலும் அரசின் இ-சேவை இணையதளத்தில் எடுக்கலாம், உங்கள் தம்பியே செல்போனில் எடுத்துத் தருவார். அ-பதிவேட்டில் கடைசிக் கலத்தைப் பாருங்கள். ஓடை, வண்டிப்பாதை, பாறை, மேய்க்கால் என்று எதாவது எழுதியிருக்கிறதா? பக்கத்துச் சர்வே எண்களையும் விடாதீர்கள். ஓடை வடக்கு எண்ணில் ‘ஓடைப் புறம்போக்கு’ என்று வந்து, தெற்கு எண்ணில் மறுபடி தொடங்கி, நடுவில் இந்த 11 ஏக்கரில் மட்டும் இல்லை என்றால், தண்ணீர் பறந்தா போகும்?

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இப்போது நாம் இணையத்தில் பார்க்கும் பட்டா விவரங்களுக்கு அடிப்படை, 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம். யு.டி.ஆர். என்று தாலுகா ஆபீசில் சொல்வார்கள். அவசரமாக நடந்த வேலை அது, பிழைகள் நிறைய உண்டு. சில இடங்களில் ஓடையும் பாதையும் பட்டாவுக்குள் மறைந்துவிட்டன. ஆகவே, ‘பட்டாவில் ஓடை இல்லை’ என்று அவர்கள் சொன்னால் அதோடு விடாதீர்கள். யு.டி.ஆருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் பழைய கிராம வரைபடத்தையும் ஒப்பிட்டுச் சொல்லும்படி வட்டாட்சியருக்கு மன்றம் எழுதிக் கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு நீங்கள் தனியாகவும் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும்.

காகிதம் பார்த்தபின் காலால் பாருங்கள். மற்ற எட்டு உறுப்பினர்களையும் தலைவரையும் அழைத்து, கூட்டத்துக்கு முன் ஒரு நாள் காலை அந்தக் காட்டில் நடங்கள். ஊரில் எழுபது வயதுக்கு மேல் உள்ள இரண்டு பேரைக் கூட்டிப்போங்கள், ஆடு மாடு மேய்த்தவர்களாக இருந்தால் நல்லது. எதிர்க்கும் நான்கு பேரும் ஆதரிக்கும் நான்கு பேரும் ஒரே இடத்தில் நின்று ஒரே பள்ளத்தைப் பார்த்தால், பேச்சு தானாக மாறும். நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

இனி தண்ணீர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. 200 வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 800 பேர், 44,000 லிட்டர். உங்கள் மேல்நிலைத் தொட்டி எத்தனை லிட்டர், இப்போது எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறீர்கள் என்பது எல்லோரையும்விட உங்களுக்குத் தெரியும். ‘நாங்கள் போர் போட்டுக்கொள்வோம்’ என்பார்கள். மலையடிவாரத்தில் மண் ஆழம் குறைவு, கீழே கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளில் ஊறும் தண்ணீர் எல்லோருக்கும் பொது. அவர்கள் 800 அடி போட்டு இழுத்தால் பக்கத்துக் காட்டுக் கிணற்றில் தெரியும். அதே வெடிப்பில்தான் 200 செப்டிக் டேங்க்குகளின் கழிவுநீரும் இறங்கும். பாதாளச் சாக்கடை உங்கள் ஊரில் கிடையாது. கழிவுநீருக்கு என்ன ஏற்பாடு என்று வரைபடத்தோடு காட்டச் சொல்லுங்கள்.

மழைநீரையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே இரவில் 5 சென்டிமீட்டர் மழை என்பது அடிவாரத்தில் அதிசயம் இல்லை. 11 ஏக்கரில் அவ்வளவு மழை விழுந்தால் ஏறக்குறைய 22 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரியாக நினைத்தால் 180 லாரிக்கு மேல். இன்று மாந்தோப்பு மண் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடுகிறது. கான்கிரீட் கூரையும் தார் ரோடும் வந்தபின் அது பள்ளத்தில் இருக்கிற பழைய ஊர் வீடுகளை நோக்கி வரும். இதற்கு மேல், மலையிலிருந்து ஓடை கொண்டுவரும் தண்ணீர் வேறு. உங்கள் வார்டு எந்தப் பக்கம்? மேட்டிலா, பள்ளத்திலா?

வரி வரும் என்கிறவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் நினைக்கிற அளவு இல்லை. வீட்டு வரி, வீடு கட்டிய பிறகுதான். சேலம்–உளுந்தூர்பேட்டை நான்குவழிச் சாலை வந்தபின் இந்தப் பக்கம் மனை வாங்கியவர்களில் பலர் வீடு கட்டவே இல்லை. விலை ஏறட்டும் என்று கல் நட்டுவிட்டுப் போனார்கள். பத்திரப் பதிவில் வசூலாகும் மேல்வரியில் ஊராட்சிக்குப் பங்கு உண்டு, அது நல்ல வருமானம்தான், ஆனால் விற்பனை நடக்கும் வருடங்களில் மட்டும். தெருவிளக்கும் சாலையும் தானப்பத்திரம் பதிவான நாளிலிருந்தே ஊராட்சியின் செலவு. நாற்பது விளக்குக்கு மின் கட்டணம், பத்து வருடத்தில் ஒரு முறை ரோடு என்று ஊராட்சிச் செயலரிடம் ஒரு கணக்கு கேட்டு மன்றத்தில் வையுங்கள்.

உங்கள் தம்பியைப் பற்றி எழுதிய இரண்டு வரிதான் கடிதத்தில் என்னை அதிகம் தொட்டது. வீடு வேண்டும் என்பது நியாயமான தேவை. எதிர்க்கிற நான்கு பேருக்கும் சொந்த வீடு இருக்கும் என்று நினைக்கிறேன். ஊரில் மனையே போடக்கூடாது என்று சொல்கிறவர்கள், இந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் எங்கே போய்க் குடியிருப்பது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மனை உங்கள் தம்பிக்குக் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான மனைகளாக ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 11 ஏக்கர் என்பது 44,500 சதுர மீட்டர், ஆக இந்த விதிக்குள் வருகிறது. சாலைக்கு மூன்று ஏக்கர் போனால் மீதி எட்டு, அதில் 80 சென்ட். ஒன்றரை சென்டாகப் பிரித்தாலும் ஐம்பது மனைக்கு மேல். இந்த மனைகளை இரண்டு மூன்றாகச் சேர்த்து ஒரே ஆளுக்கு விற்கக் கூடாது. ஆனால் யாரும் கேட்காததால் வரைபடத்தில் ஒரு ஓரத்தில் காட்டிவிட்டு, தெரிந்தவர்கள் பெயரில் பத்திரம் போட்டு முடிப்பது நடக்கிறது. இந்த மனைகள் எவை, என்ன விலை, ஊரில் வீடில்லாதவர்களுக்கு எப்போது அறிவிப்பார்கள் என்று தீர்மானத்தில் கேளுங்கள். ஊருக்காக நீங்கள் பேரம் பேசக்கூடிய நல்ல இடம் இதுதான். உங்கள் தம்பி மட்டும் இல்லை, அவரைப் போல இன்னும் நாற்பது பேர் இருப்பார்கள்.

‘யார் யாரோ குடிவருவார்கள்’ என்ற வாதத்தை மட்டும் தீர்மானத்துக்குள் விடவே விடாதீர்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். எந்தத் தெருவில் யார் இருக்கலாம் என்று சொல்லும் பழைய பழக்கம் அது. சட்டத்திலும் நிற்காது, மனிதருக்கும் அழகில்லை. தண்ணீரைப் பற்றிய நல்ல கேள்வியோடு அதைச் சேர்த்து எழுதினால் நல்ல கேள்வியும் கெட்டுப்போகும். கோயிலுக்கு ஐந்து லட்சம் என்பதும் அப்படித்தான். கோயிலுக்குக் கொடுப்பவர் கோயிலில் கொடுத்து ரசீது வாங்கட்டும். மன்றத்தின் மேஜையில் அந்தப் பேச்சு வந்தால், மனு பற்றிய விவாதத்தில் நன்கொடை பேசக்கூடாது என்று எழுந்து சொல்லுங்கள். உங்களோடு இன்னும் இரண்டு பேர் தலையாட்டுவார்கள், பாருங்கள்.

தானப்பத்திரத்துக்கு வருவோம். பூங்கா, விளையாட்டுத் திடல் என்று பொதுத் திறந்தவெளியாகச் சாலை போக 10 சதவீதம் தர வேண்டும். இவ்வளவு பெரிய மனைப்பிரிவில் அதற்குப் பதில் பணம் கட்டித் தப்பிக்க முடியாது, இடமாகவே தர வேண்டும். இங்கேயும் 80 சென்ட். எந்த 80 சென்ட் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விற்க முடியாத மூலை, பாறை, பாழுங்கிணறு, மின்கம்பிக்கு அடியில் உள்ள துண்டு என்று தருவது வழக்கம். ஒரு ஊரில் பூங்கா என்று காட்டிய இடத்தை அளந்தபோது நடுவில் இருபதடி விட்டக் கிணறு. வரைபடத்தில் அது பச்சை நிறமாக அழகாக இருந்தது. உங்கள் ஊரில் ஓடைத் தடத்தை ஒட்டியும், காய்க்கிற மாமரங்கள் நிற்கிற இடத்திலும் அந்த 80 சென்டைக் கேளுங்கள். ஓடைக்கு இருபுறமும் ஆள் நடக்க இடம் இருக்கும், மாமரங்களில் பத்து மரமாவது பிழைக்கும், பிள்ளைகளுக்கு நிழல். ஆனால் ஓடையின் பரப்பையே பூங்காக் கணக்கில் சேர்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓடை ஏற்கெனவே ஊருடையது. ஊர் சொத்தை ஊருக்கே தானம் என்று யாரும் தர முடியாது.

பத்திரம் பதிவான அன்றே ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, எல்லைக் கல் நட்டு, பலகை வைக்கச் சொல்லுங்கள். பூங்கா இடம் ஆறேழு வருடம் கேட்பாரற்றுக் கிடந்து பிறகு மனையாக விற்கப்பட்ட கதைகள் நம் மாவட்டத்தில் கொஞ்சமில்லை.

இன்னும் ஒன்று. ரோட்டோரத்தில் ‘முன்பதிவு தொடங்கிவிட்டது’ என்று பிளக்ஸ் வைத்துவிட்டார்களா? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டத்தை, 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதே தவறு, முன்பணம் வாங்குவதும் தவறு. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டதும், அதற்குப்பின் வரன்முறைப்படுத்த எத்தனை ஏழைகள் அலைந்தார்கள் என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஊரில் யாராவது இப்போதே முன்பணம் கொடுத்திருந்தால் அவர்களை எச்சரியுங்கள்.

உங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருப்பதால் மலைப்பகுதிகளில் கட்டடம், மனைகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் வருவாய்க் கிராமம் வருகிறதா என்றும் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஏற்காட்டுக் கிராமங்கள் அதில் உண்டு. அடிவாரத்தில் ஊருக்கு ஊர் பார்க்க வேண்டும். பட்டியலில் இருந்தால் அனுமதி முறையே வேறு.

ஓரகத்தி விஷயம். ஒரு உறுப்பினருக்குப் பண ஆதாயம் உள்ள விஷயத்தில் அவர் விவாதிக்கவோ வாக்களிக்கவோ கூடாது என்பது முறை. அவர்கள் விற்று முடித்துவிட்டார்கள், உங்களுக்கு அதில் பங்கு இல்லை. அதனால் தடை இல்லை. தம்பிக்கு அந்த மனைப்பிரிவில் முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான். கூட்டம் தொடங்கியதும் நீங்களே எழுந்து, ‘நிலம் விற்றவர்களில் ஒருவர் எனக்கு உறவு, எனக்கு அதில் பணம் இல்லை, பதிவு செய்துகொள்ளுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். நீங்களே சொல்லிவிட்டால் டீக்கடையில் யாரும் அதைக் கண்டுபிடித்த ரகசியமாகப் பேச முடியாது.

சரி, கை தூக்கும் நேரம் வந்தால்? ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டுக்கு நடுவில் மூன்றாவது தீர்மானம் ஒன்றை எழுதிக்கொண்டு போங்கள். நான் ஒரு மாதிரி தருகிறேன், உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

‘மேற்படி மனு குறித்து மன்றம் விவாதித்தது. மன்ற உறுப்பினர்கள் இடத்தை நேரில் பார்வையிட்டனர். சர்வே எண் இன்னது வழியாக, சேர்வராயன் மலையிலிருந்து வரும் ஓடை மழைக்காலத்தில் ஓடுகிறது என்றும், அதன் அகலம் சுமார் இத்தனை அடி என்றும், இன்ன இடத்தில் நுழைந்து இன்ன இடத்தில் வெளியேறுகிறது என்றும் மன்றம் பதிவு செய்கிறது. இந்த ஓடையை நில அளவையர் மூலம் அளந்து எல்லை காட்டிய பின்னரும், மழைநீர் வடிகால், கழிவுநீர், குடிநீர் ஆகியவற்றுக்கான ஏற்பாட்டை மனுதாரர் வரைபடத்துடன் தெரிவித்த பின்னரும், நலிந்த பிரிவினருக்கான மனைகளையும் பொதுத் திறந்தவெளியையும் வரைபடத்தில் அடையாளம் காட்டிய பின்னரும் இம்மனு மீண்டும் மன்றத்தின் பரிசீலனைக்கு வைக்கப்படும். இத்தீர்மானத்தின் நகல் வட்டாட்சியர், நகர் ஊரமைப்பு அலுவலகம், நீர்வளத் துறை ஆகியோருக்கு அனுப்பப்படுகிறது.’

இதில் எதிர்ப்பும் இல்லை, சம்மதமும் இல்லை. ஆனால் ஓடை இருக்கிறது என்று ஊராட்சியின் புத்தகத்தில் தேதியோடு ஏறிவிடுகிறது. நாளைக்கு எந்த அதிகாரி வந்தாலும், எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும், ‘அங்கே ஓடையே இல்லை’ என்று சொல்ல முடியாது. என் முதல் மனைப்பிரிவில் அந்தப் பாட்டி சொன்னதை அன்றைக்கு யாராவது ஒரு புத்தகத்தில் எழுதியிருந்தால் நான் அந்த எண்ணைப் போட்டிருக்க முடியாது.

உங்கள் தீர்மானம் தோற்றுவிட்டால், மறுப்புக் குறிப்பு எழுதிப் பதிவு செய்யக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் வரிகளுக்குக் கீழே இடம் விட்டு, பிறகு எழுதிக்கொள்கிறோம் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். புத்தகம் வீட்டுக்கு வந்தாலும் போடாதீர்கள். ‘வீட்டுக்காரரை அனுப்பினால் போதுமே’ என்று யாராவது சொல்வார்கள். ஓட்டு வாங்கி ஜெயித்தது நீங்கள். உட்கார வேண்டிய நாற்காலியும் உங்களுடையதுதான்.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்து வருவதில் இந்த மனைப்பிரிவைப் பொருளாக வைக்கத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். மகளிர் குழுவினரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். குடத்தோடு குழாயடியில் நிற்பவர்களுக்கு 44,000 லிட்டர் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தலைவரை எதிரியாக்கிக்கொள்ளவும் வேண்டாம். கூட்டத்துக்கு முன் அவரைத் தனியாகப் பார்த்து, இந்த மாதிரித் தீர்மானத்தைக் காட்டுங்கள். நாளைக்கு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் ஊர் முதலில் அவர் வாசலில்தான் வந்து நிற்கும். அது அவருக்கும் தெரியும்.

மழை பெய்த மறுநாள் காலை ஆறரை மணிக்குள் அந்தக் காட்டுக்குப் போய், தண்ணீர் போன தடத்தை நாலைந்து இடத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள். வெயில் ஏறினால் செம்மண்ணில் தடம் மங்கிவிடும். பக்கத்தில் ஒரு குடையோ மண்வெட்டியோ வைத்து எடுத்தால் அகலம் தெரியும். அந்தப் படங்களையும் புல வரைபட நகல்களையும் எனக்கு அனுப்புங்கள். ஓடை எந்த எண்ணில் நுழைந்து எந்த எண்ணில் வெளியே வருகிறது என்று கோடு போட்டு, கூட்டத்துக்கு முன் உங்களுக்குத் திருப்பி அனுப்புகிறேன்.